ஆலை வாயிலும் நூலக வாயிலும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், கழகம் கடந்து வந்த பாதையைப் பெரியோர் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். கட்டடம் எழுந்த வரலாறும், நிதி திரண்ட வரலாறும், மாலை வகுப்புகள் நடந்த வரலாறும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் எவரும் எழுதாமல் விட்டுவிடக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. நம் மக்கள் வேலை தேடிய வரலாறு அது. வேலை கிடைத்தவர் பெயர் நினைவில் நிற்கிறது. வேலைக்கான செய்தியே எட்டாமல் போனவர் பெயரை எந்த ஏடும் குறித்து வைப்பதில்லை. அந்தச் செய்தி எங்கே இருந்தது, அதை நாம் எப்போது கண்டுகொண்டோம், அதில் கல்லூரி நூலகத்துக்கு என்ன பங்கு என்பதை இளைஞர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயிலில் நின்ற தலைமுறை

வடசென்னை உழைப்பால் எழுந்த ஊர். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. 1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அத்துறைமுகம் மீண்டும் கட்டப்பட்டது. பெரம்பூரில் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. மண் சுமந்தவர், கல் அடுக்கியவர், மூட்டை இறக்கியவர், கரி வாரியவர் ஆகியோருள் நம் முன்னோர் எண்ணற்றோர். செங்கற்பட்டுச் சீமையிலும் வட ஆற்காட்டிலும் பண்ணையடிமைகளாய்க் கிடந்தவர்கள், கூலியைக் காசாகக் கையில் வாங்கலாம் என்ற ஒரே நம்பிக்கையோடு இக்கடற்கரைக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்கள் வேலை தேடிய முறை ஒன்றே ஒன்றுதான். விடியுமுன் எழுந்து வாயிலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வருவார், கூட்டத்தைப் பார்ப்பார், 'நீ வா, நீ வா' என்று விரல் நீட்டுவார். விரல் தம்மை நோக்கி நீளாதவர் வெறுங்கையோடு வீடு திரும்புவர். மேஸ்திரியின் உறவினர், அவர் ஊர்க்காரர், அவருக்குக் கடன்பட்டவர் ஆகியோருக்கே முதலிடம். வேலை பற்றிய செய்தி முழுவதும் ஒரு மனிதரின் வாயில் அடங்கியிருந்தது. அவர் வாயைத் திறந்தால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆலையில் நுழைந்தவர்களுக்கும் அமைதி கிட்டவில்லை. 1921ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, ஆதிதிராவிடர் குடிசைகள் தீக்கிரையாயின. ஒரு வேலையைப் பற்றிக்கொண்டிருப்பதற்குக் கூட நம் மக்கள் எத்தகைய விலை கொடுத்தனர் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

1948ஆம் ஆண்டு துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. பதிவு, சுழற்சி முறை, வாரியம் என்ற ஏற்பாடுகள் அதன்பின் வந்தன. மேஸ்திரியின் விரலுக்குப் பதிலாகப் பதிவேட்டில் ஓர் எண் வந்தது. ஒரு தொழிலாளியின் பெயர் ஏட்டில் எழுதப்பட்டால் அவன் வாழ்க்கை எவ்வளவு மாறும் என்பதை நம் பாட்டன்மார் அன்றுதான் கண்ணால் கண்டனர். எழுத்தின் வலிமையை எழுத்தறியாதவர் உணர்ந்த காலம் அது.

அலுவலகத்துள் நுழையும் உரிமை

கூலி வேலைக்கு வாயில் என்றால், அலுவலக வேலைக்குத் தேர்வு. தேர்வு எவர் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வேலை இருக்கும் என்பதை நம் தலைவர்கள் மிக முன்னரே அறிந்திருந்தனர். 1893ஆம் ஆண்டு, சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து, நம் மக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களைத் திரட்டிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு மனு அனுப்பினார். பள்ளிக்கூடமே மறுக்கப்பட்ட மக்களுக்குத் தேர்வு மட்டும் பக்கத்து ஊரில் நடந்தால் என்ன பயன், படித்த மேல்சாதியினரே அதிகாரம் முழுவதையும் பெற்றுவிடுவர் என்பது அவர் அச்சம். அவர் நிலைப்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆனால் அவர் தொட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. போட்டி எல்லோருக்கும் பொது என்று அறிவித்துவிட்டால் போதுமா? போட்டிக்கு வேண்டிய கருவியும் எல்லோருக்கும் பொதுவாக வேண்டாமா?

1922ஆம் ஆண்டு, எம்.சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, இழிபெயர்கள் நீங்கி ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏறியது. 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எல்லோரும் தடையின்றி நுழையலாம் என்று நிலைநாட்டியது. இளைஞர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அலுவலகத்துள் அடியெடுத்து வைக்கவே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. அலுவலகத்துள் நுழைய முடியாதவன் அலுவலக வேலைக்கு விண்ணப்பிப்பது எங்ஙனம்?

1927ஆம் ஆண்டு வகுப்புவாரி அரசாணை, நிரப்பப்படும் பன்னிரண்டு இடங்களில் ஒன்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கியது. 1947இல் அது பதினான்கில் இரண்டாயிற்று. 1929ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேர்வாணையம் அமைந்தது. வேறெந்த மாகாணத்திலும் அந்நாளில் இத்தகைய ஆணையம் இருக்கவில்லை. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943ஆம் ஆண்டு, மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு முதன்முறையாக 8⅓ விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ விழுக்காடாயிற்று. 1970இல் 15 விழுக்காடாயிற்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 1971ஆம் ஆண்டு 16 விழுக்காடு 18ஆக உயர்ந்தது. அந்தப் பதினெட்டிலிருந்து 2009ஆம் ஆண்டு அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கப்பட்டது.

இவை அனைத்தும் நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமைகள். ஆனால் ஓர் உரிமை அரசிதழில் அச்சாவதும், அது கொருக்குப்பேட்டைச் சந்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் காதில் விழுவதும் ஒன்றல்ல. இடைப்பட்ட தொலைவு மிகப் பெரிது. அத்தொலைவைக் கடக்கும் பாலம் எது என்பதுதான் நம் கேள்வி.

ஆலைகள் எழுந்தன, செய்தி வரவில்லை

நாடு விடுதலை பெற்ற பின் இராயபுரம் முதல் எண்ணூர் வரை தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது பின்னாளில் எம்.ஆர்.எப். டயர் நிறுவனமாயிற்று. தீப்பெட்டி செய்யும் விம்கோ அதற்கு முன்பே வந்துவிட்டது. அதன் பெயரில் இன்று ஒரு நகரும் ரயில் நிலையமும் இருக்கின்றன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் நிறுவனமும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தொடங்கின. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1971இல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது.

இவற்றின் புகை நம் வீட்டுக் கூரையில் படிந்தது. இவற்றின் சங்கொலியால் நம் குழந்தைகள் விழித்தெழுந்தனர். ஆயினும் இவற்றில் எத்தனை இடம் காலி, யாருக்குத் தகுதி, எந்நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியவில்லை. சுவருக்கு அப்பால் நடப்பது, சுவரை ஒட்டிக் குடியிருந்தவனுக்குத் தெரியவில்லை. எங்கோ தொலைவில் நாளிதழ் படித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

இங்கு வாயில்கள் இரண்டு வகை என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். துறைமுகம், ரயில்வே, சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, மின் வாரியம் ஆகியவை பொதுத் துறையின் வாயில்கள். அங்கு இட ஒதுக்கீடு உண்டு, ரோஸ்டர் உண்டு, நிரப்பப்படாத இடங்களைக் கணக்கில் கொண்டுவரும் முறை உண்டு. மற்றவை தனியார் வாயில்கள். அங்கு பணி நியமனத்தில் ஒதுக்கீடு இல்லை.

ஆனால் தனியார் வாயிலிலும் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. இவ்விதி தனியார் தொழிற்சாலைக்கும் பொருந்தும். அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை முதலாளிக்கு இல்லை என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. இருப்பினும், பயிற்சிச் சான்றிதழ் கையில் உள்ள பிட்டருக்கும் வெல்டருக்கும் நாட்டின் எந்த ஊரிலும் மதிப்பு உண்டு. இந்த விதியைப் படித்து அறிந்தவர் நம் தெருக்களில் எத்தனை பேர்?

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கதையும் இத்தகையதே. போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945இல் தொடங்கிய அந்த ஏற்பாடு, 1948இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 1956இல் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று அரசு நிறுவனங்களையும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தியது. 'எம்ப்ளாய்மெண்டில் பதிந்தாயிற்று' என்று சொல்லிக்கொண்டு நம் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஆனால் அச்சட்டம் கட்டாயப்படுத்தியது காலியிடத்தைத் தெரிவிப்பதை மட்டுமே. அங்கிருந்து வரும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. சட்டத்தின் ஒரு பிரிவைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும் இவ்வுண்மையைத் தெரியாமல், பதிவு அட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து வயதைக் கடத்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நின்றுவிடாமல், செய்தித்தாள்களிலும் விளம்பரம் செய்து, நேரடியாக விண்ணப்பிப்போரையும் கருத வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அன்று முதல், காத்திருப்பவனைவிடத் தேடிப் படிப்பவனே முன்னே செல்லும் நிலை உறுதியாயிற்று. அதே 1996இல்தான் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய் உழைத்த பெரம்பூர் ஆலைகளும் மூடப்பட்டன. ஆலை வாயில் மூடிய ஆண்டும், செய்தியைத் தேடிப் படித்தல் இன்றியமையாததான ஆண்டும் ஒன்றாய் அமைந்தது, நம் பகுதி மறக்கக் கூடாத பாடம்.

நூலகத்தின் கதவு

நூலகம் என்றால் கதைப் புத்தகம் படிக்கும் இடம், தேர்வுக்கு முன் நிழலில் அமரும் இடம் என்று பலர் கருதுகின்றனர். உலக வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனின் தொழில் நகரங்களில், வேலையற்ற தொழிலாளர் விடியற்காலையில் பொது நூலகத்தை நாடிச் சென்றனர். நாளிதழின் வேலை விளம்பரப் பக்கங்களைச் சில நூலகங்கள் காலையிலேயே வெளியில் ஒட்டி வைத்தன. செய்தித்தாள் வாங்கக் காசில்லாதவனும் அதைப் படித்துவிட்டு ஆலைக்கு விரையலாம்.

நம் மாகாணத்தில் நூலகத்தை எல்லோருக்கும் உரியதாக்க உழைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், இங்கிலாந்து சென்று அந்நாட்டு நூலகங்களைக் கண்டு திரும்பினார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்ற கொள்கையைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது அவ்வியக்கத்தின் பயன். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுவது அச்சட்டத்தினால்தான். எனவே பொது நூலகம் நமக்கு யாரோ தரும் தானமன்று. நம் வரியால் நடக்கும் நம் சொத்து. 1896இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், இச்சட்டத்தின்கீழ் மாநில மைய நூலகமாயிற்று.

டாக்டர் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் நூலகம் திறக்கும் வேளையில் நுழைந்து மூடும் வேளையில் வெளிவந்தவர் என்பதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதைவிட நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியபோது, வகுப்புகள் காலையில் நடத்தப்பட்டன. ஏழை மாணவர் பகலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வேலையும் படிப்பும் பகையன்று என்பதை அந்த அட்டவணையிலேயே அவர் எழுதிக் காட்டினார்.

வடசென்னையில் கல்லூரி என்பது நீண்ட நாள் கனவாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி தொடங்கியது. 1964இல் பெண்களுக்கென்று அரசுக் கல்லூரி தோன்றியது. அதுவே இன்றைய பாரதி மகளிர் கல்லூரி. 1973இல் தோன்றிய அரசு கலைக் கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பலில் மூட்டை தூக்கியவரின் மகனும், மீன் கூடை சுமந்தவரின் மகளும், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளையும் இக்கல்லூரிகளின் வாயிலில் நுழைந்தனர். 1944ஆம் ஆண்டு அம்பேத்கரின் முயற்சியால் மூன்று இலட்சம் ரூபாயில் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் பின்னாளில் விரிந்து, அவர்களில் பலருக்குக் கை கொடுத்தது.

ஆனால் பட்டம் பெற்றதும் அவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறியபோது, நூலகத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தனர். பட்டச் சான்றிதழோடு மீண்டும் ஆலை வாயிலில் போய் நின்றனர். இதுதான் நாம் சொல்ல வந்த துயரம்.

நம் கழகம் கற்ற பாடம்

இனி நம் கழகத்தின் அனுபவத்தைச் சொல்வோம். கழகம் தொடங்கிய நாளில், பள்ளிப் படிப்பை முடிக்க வைத்துவிட்டால் வேலை தானே வரும் என்று நாம் நம்பினோம். சில ஆண்டுகளில் அந்நம்பிக்கை பொய்த்தது. கழகத்தில் படித்து முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், அரசு நிறுவனம் ஒன்றின் எழுத்தர் வேலைக்குரிய அறிவிப்பைத் தேநீர்க் கடையில் பொட்டலம் மடித்த தாளில் கண்டார். கடைசி நாள் கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தத் தாளை அவர் கழகக் கூட்டத்தில் விரித்துக் காட்டினார். யாரும் பேசவில்லை. அன்று பேசாமல் இருந்தவர்களுள் நாமும் உண்டு.

மறு வாரமே ஒரு குறிப்பேடு வாங்கி, நாளிதழ்களின் வேலை விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்டத் தொடங்கினோம். இரண்டு நாளிதழ்கள் வாங்கவே கழகத்துக்கு வசதி இருந்தது. ஆறு மாதங்களில் அக்குறிப்பேடு பயனற்றது என்று தெரிந்துவிட்டது. அது செயலாளர் வீட்டில் இருந்தது. அவர் பணியிலிருந்து திரும்பிய பின்னரே பார்க்க முடிந்தது. பெண் பிள்ளைகள் இரவில் வந்து கேட்கத் தயங்கினர். மேஸ்திரியின் கையிலிருந்த செய்தியை விடுவிக்கப் புறப்பட்ட நாம், அதை வேறொருவர் வீட்டுப் பெட்டியில் கொண்டுபோய் வைத்திருந்தோம். இத்தவற்றை இங்கு ஒளிக்காமல் எழுதுகிறோம்.

வழி காட்டியவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் பெண்ணொருவர். தாம் படிக்கும் கல்லூரி நூலகத்தில் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் வருகின்றன என்றும், 1976இல் தொடங்கிய மத்திய அரசின் 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்' வார இதழ் அங்கே மேசையில் பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்றும் அவர் சொன்னார். நாம் வாங்க முடியாதவை எல்லாம் நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் அறையில் இருந்தன. நூலகரை அணுகியபோது அவர் மகிழ்ச்சியோடு வரவேற்றார். 'கேட்பார் இல்லாமையால்தான் மூலையில் வைத்தோம்' என்றார்.

அதன் பின் முறை மாறியது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர், வாரம் ஒரு நாள் நூலகத்தில் அமர்ந்து அறிவிப்புகளைக் குறிப்பெடுப்பர். பதவியின் பெயர், தகுதி, வயது, கடைசி நாள் என நான்கு செய்திகள் போதும். ஞாயிறு காலை அவை கழகத்தின் கரும்பலகையில் எழுதப்படும். பலகை தெருவைப் பார்த்து நிற்கும். எவரும் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. இந்த எளிய பலகையைப் பார்த்து விண்ணப்பித்து ரயில்வேயிலும், தபால் துறையிலும், மின் வாரியத்திலும், பள்ளிகளிலும் சேர்ந்தவர்கள் இவ்விழாவுக்கு வந்து அமர்ந்திருக்கின்றனர். சேராதவர்களும் வந்திருக்கின்றனர். அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் செய்தி கிடைக்காமல் போகவில்லை. இந்த வேறுபாடு சிறிதன்று.

நூலகத்தில் தேட வேண்டியவை

இளைஞர்களே, நூலகத்தில் நுழைந்ததும் பாடநூல் அடுக்கை மட்டும் நாடாதீர்கள். பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் நூல்கள் எண் முறையில் அடுக்கப்பட்டுள்ளன. தியூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமாயின், தொழில்கள் பற்றிய நூல்களை 331.7 என்ற எண்ணில் காணலாம். வேலை தேடும் முறை, விண்ணப்பம், நேர்முகம் பற்றியவற்றை 650.14 என்ற எண்ணில் காணலாம். எண் தெரிந்தவன் எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, அறிவிப்பைப் படிக்கும் பழக்கம். அறிவிப்பு என்பது வெறும் அழைப்பன்று. அது ஒரு சட்ட ஆவணம். அதன் ஒவ்வொரு வரிக்கும் பொருள் உண்டு. வயது எந்த நாளில் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு ஐந்து ஆண்டு வயதுச் சலுகை உண்டு. பல தேர்வுகளில் கட்டண விலக்கு உண்டு. ரயில்வே தேர்வுக்கு அழைக்கப்படும் நம் இளைஞர்களுக்கு இலவசப் பயணச் சலுகை உண்டு. தமிழ் வழியில் பயின்றோருக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. இவற்றை அறியாமல், கட்டணத்துக்குக் கடன் வாங்கியவரையும், வயது கடந்தது என்று தாமே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் விட்டவரையும் நாம் அறிவோம். சாதிச் சான்றிதழில் பெயரின் முன்னெழுத்து ஒருவிதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தமையால், தேர்வில் வென்றும் இறுதிக் கட்டத்தில் தடுமாறியவரும் உண்டு. சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை விண்ணப்ப நாளுக்கு முந்திய இரவுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

மூன்றாவது, விண்ணப்பிக்கும் நிறுவனத்தை அறிதல். அது எந்த ஆண்டில் தொடங்கியது, என்ன செய்கிறது, எங்கெல்லாம் கிளை உள்ளது என்று ஆண்டறிக்கையிலும் கையேட்டிலும் படியுங்கள். துறைமுகத்தை ஒட்டிப் பிறந்த இளைஞன், நேர்முகத்தில் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டபோது விழித்ததை நாம் கேள்விப்பட்டு வருந்தினோம். அவன் தந்தை அங்கே முப்பது ஆண்டு உழைத்தவர். தந்தையின் உழைப்பை மகன் ஏட்டில் படிக்கவில்லை. பொது அறிவு வேண்டுமெனில் மத்திய அரசின் 'இந்தியா' ஆண்டு நூல் இருக்கிறது. அடிப்படை விளக்கம் வேண்டுமெனில் பெரியசாமித் தூரன் பதிப்பித்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் இருக்கின்றன.

நான்காவது, உரிமையைப் படித்தல். அரசியல் சட்டத்தின் 16, 17, 335ஆம் உறுப்புகளைத் தமிழில் ஒருமுறையேனும் படியுங்கள். வேலை கிடைப்பதற்கு மட்டுமன்று, கிடைத்த வேலையில் தலை நிமிர்ந்து நிற்பதற்கும் அப்படிப்பு வேண்டும்.

ஓர் எதிர்வாதம்

'புத்தகம் படித்தால் வேலை வருமா? சிபாரிசு வேண்டும், பணம் வேண்டும்' என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என்று நாம் சாதிக்க மாட்டோம். நூலகம் ஒரு காலியிடத்தையும் உண்டாக்குவதில்லை. நிரந்தர வேலைகள் சுருங்கி, ஒப்பந்த வேலைகள் பெருகிவிட்டன. அனல் மின் நிலையத்தின் பழைய புகைபோக்கி 2017இல் ஓய்ந்தது. எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தில், பழைய துறைமுகத்தைப் போல் ஆயிரமாயிரம் தோள்களுக்கு வேலை இல்லை. பாரந்தூக்கிகளே பாரம் சுமக்கின்றன. முகவரியைப் பார்த்தே முகம் சுளிக்கும் முதலாளிகளும் இருக்கின்றனர். இவற்றை எதிர்க்கச் சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும், அரசியல் வேண்டும். நூலகம் அவற்றுக்கு மாற்றன்று.

ஆனால் சிபாரிசு இல்லாதவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சிபாரிசு அவன் அறிந்த செய்திதான். பணமுள்ளவன் செய்தியை விலை கொடுத்து வாங்குகிறான். பயிற்சி நிலையத்தில் சேர்கிறான். நமக்கு அது இலவசமாகக் கிடைக்கும் ஒரே இடம் நூலகம். அதையும் நாம் கைவிட்டால், மீண்டும் மேஸ்திரியின் விரலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்றைய மேஸ்திரி வேட்டி கட்டிக்கொண்டு வாயிலில் நிற்பதில்லை. தொலைபேசியில் அழைத்து, 'முன்பணம் கட்டு, வேலை நிச்சயம்' என்கிறான். அறிவிப்பைத் தானே படித்தறியத் தெரிந்தவன் அவனிடம் ஏமாற மாட்டான்.

இன்று விண்ணப்பங்கள் இணையத்தில் ஏறுகின்றன. கையில் கைப்பேசி இருப்பதால் நூலகம் வேண்டாம் என்று எண்ண வேண்டா. சிறு திரையில் ஓடி மறையும் செய்தியை அமர்ந்து படிக்கவும், சரிபார்க்கவும், தேர்வுக்கு ஆயத்தமாகவும் ஓர் இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் அந்த இடம் இல்லை. 2010இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. 2024இல் கொளத்தூரில் படிப்பதற்கும் பணி செய்வதற்குமான முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. அங்கே கூடும் இளைஞர் கூட்டம், ஒரு மேசைக்கும் ஒரு விளக்கிற்கும் எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அத்தகைய இடங்கள் இன்னும் பல வேண்டும் என்று கேட்பது நம் கடமை. அதே வேளையில், இருக்கும் கல்லூரி நூலகங்களின் நாற்காலிகளை வெறுமையாக விடாதிருப்பதும் நம் கடமை.

நிறைவாக

தம்பிமார்களே, தங்கையரே! நம் பாட்டனார் வாயிலில் நின்றார். நம் தந்தையார் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்றார். நீங்கள் பதிவேட்டைப் படிக்கும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். இம்மூன்று படிகளையும் ஏற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நான்காம் படி, பதிவேட்டை எழுதும் இடத்தில் அமர்வது. அதை ஏற வேண்டியவர்கள் நீங்கள்.

கல்லூரியில் இருப்போர் நாளை முதல் வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கழகத்தின் கரும்பலகைக்காக நூலகத்தில் செலவிடுங்கள். வேலையில் இருப்போர், தங்கள் அலுவலகத்தில் வரும் அறிவிப்பைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். தாய்மார், பெண் பிள்ளை நூலகத்திலிருந்து ஒரு மணி நேரம் தாழ்ந்து வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டு அடங்கியிருக்கக்கூடும்.

பொட்டலம் மடித்த தாளில் கடைசி நாள் கடந்த அறிவிப்பைக் கண்ட அந்த இளைஞர், பின்னர் வேறொரு தேர்வில் வென்று அரசுப் பணியில் சேர்ந்தார். ஞாயிறுதோறும் கரும்பலகையைத் துடைத்துப் புதிய அறிவிப்பை எழுதுபவர் இன்றும் அவரே. கடைசி நாளை மட்டும் அவர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். அடுத்த ஞாயிறு அப்பலகையின் முன் நில்லுங்கள். அதை எழுதும் கைகளுள் உங்கள் கையும் ஒன்றாகட்டும்.